உங்களுக்குத் தெரியுமா? அந்தமானில் ஒரு கிளைம்!

✦ 2004 டிசம்பர் 26 சுனாமியில் கார் நிக்கோபார், கச்சால் தீவுகளில் பலரது உடல் கிடைக்கவே இல்லை. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாவிட்டால்தான் காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் கருதும். வீட்டையும் இழந்து நிற்கும் காப்பீட்டு நாமினி அதுவரை எப்படிக் காத்திருப்பார்? அரசு அந்தக் கெடுவைத் தளர்த்தி, விசாரித்து இறப்புச் சான்றிதழ் தர வழிசெய்தது. செய்யவேண்டிய காரியம்தான் அது!

✦ 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் க்ருஹ ரக்ஷா' வீட்டு பாலிசியில் சுனாமி பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. நிலநடுக்கமும் உண்டு.

✦ சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் போட்ட கணக்கே முடிவான கணக்கு அல்ல. அது கம்பெனியையும் கட்டுப்படுத்தாது, பாலிசிதாரரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே அவரது அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, வரிவரியாகப் பாருங்கள். போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சிமெண்டும் கம்பியும் கப்பலில் வருகின்றன. மெயின்லேண்ட் விலையில் மதிப்புப் போட்டிருந்தால், கடை பில்லோடு கப்பல் கூலி ரசீதையும் இணைத்து, எழுத்து மூலமாகவே மறுப்புக் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

✦ பணம் பெற்றதற்கான டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்ட பிறகும் கூடுதல் தொகை கேட்டு வழக்காடும் உரிமை பறிபோகாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015 செப்டம்பரிலேயே இப்படிச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

✦ அந்தமானுக்கான காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருப்பது கொல்கத்தாவில். நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல். ஆனால் 2021 திருத்தத்துக்குப் பிறகு ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், வீடியோ மூலமும் விசாரணை நடக்கும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கம்பெனி மறுத்தால் ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். இரு தரப்பும் சம்மதித்தால் குறைதீர்ப்பாளர் சமரசம் பேசி முடிப்பார். இல்லையென்றால் தீர்ப்பு, 50 லட்சம் ரூபாய் வரை. அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

✦ நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் தந்த வசதி இது. கெடு இரண்டு ஆண்டு, அதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.