உலக சபையில் முதல் தலைவர், மைசூரில் கடைசி திவான்

மேல்கோட்டை: பங்குனி மாத வைரமுடி சேவைக்கு இங்கே வரும் தமிழர்கள் ஏராளம். பாண்டவபுரத்தில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்து மலையேறினால் ராமானுஜர் வாழ்ந்த திருநாராயணபுரம். அன்றிரவு செல்வப்பிள்ளை சூடும் வைரமுடி, அரசாங்கக் கஜானாவிலிருந்து போலீஸ் காவலுடன் வருகிறது. முடி பெருமாளுடையது, காவல் சர்க்காருடையது.

சமஸ்தான காலத்தில் மகாராஜாவுக்கு அடுத்தபடியாக அந்தச் சர்க்காரை நடத்தியவர் திவான். மைசூரின் கடைசி திவான் ஒரு தமிழர். ஆர்க்காடு ராமசாமி முதலியார்தான் அவர். உலக ராஜதந்திரிகள் வரிசையில் வைத்துப் பேசப்பட்ட மனிதர்.

1887-ல் கர்நூலில் இரட்டையராய்ப் பிறந்தவர். உடன்பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த டாக்டர் லட்சுமணசாமி முதலியார். ராமசாமி முதலியார் வக்கீலாகி, ஜஸ்டிஸ் கட்சியில் சேர்ந்து, அக்கட்சியின் பத்திரிகைக்கு ஆசிரியரானார். சென்னை மேயராகவும் இருந்தார். பிறகு வைசிராயின் நிர்வாக சபை. யுத்த காலத்தில் லண்டனில் சர்ச்சிலின் யுத்த மந்திரி சபை.

1945-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபை உருவானபோது, இந்தியத் தூதுக் குழுவின் தலைவராக சாசனத்தில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு ஜனவரியில் லண்டனில் கூடிய பொருளாதார, சமூகக் கவுன்சில் அவரையே முதல் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சுதந்திரமே பெறாத ஒரு நாட்டின் பிரதிநிதிக்குக் கிடைத்த நாற்காலி அது! மனித உரிமைக் கமிஷனை அமைக்கவும், உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு வித்திட்ட மாநாட்டைக் கூட்டவும் அந்தக் கவுன்சில் முடிவெடுத்தது அவர் தலைமையில்தான்.

அதே 1946-ல் மைசூர் திவான் பதவி வந்தது. சோதனையும் கூடவே வந்தது.

1947 ஆகஸ்டில் தேசம் விடுதலை பெற்றது. மைசூர் மக்களுக்கு மட்டும் பொறுப்பாட்சி வரவில்லை. செப்டம்பரில் 'மைசூர் சலோ' போராட்டம் வெடித்தது. 'ஆர்க்காட் பாய்காட்' என்று வீதிகளில் கோஷம் எழுந்தது. தலைவர்கள் கைதானார்கள், துப்பாக்கிச் சூடும் நடந்தது. உலக அரங்கில் மனித உரிமைக் கமிஷனுக்கு வழிவகுத்தவரின் நிர்வாகத்தில்தான் இத்தனையும்! கடைசியில் சமஸ்தானம் இறங்கி வந்தது. அக்டோபரில் கே.சி. ரெட்டி முதல் மந்திரியானார்.

ஆனாலும் முதலியாரின் திறமையை சுதந்திர இந்தியா ஒதுக்கிவிடவில்லை. 1948 செப்டம்பரில் ஹைதராபாத் விவகாரம் பாதுகாப்பு சபைக்குப் போனபோது, பாரிஸில் இந்தியாவுக்காக வாதாட நேருவின் அரசு அனுப்பியது இவரைத்தான். ஹைதராபாத் தனி நாடல்ல, சபையில் முறையிட அதற்கு உரிமையில்லை என்று அடித்துப் பேசினார். வெள்ளையர் ஆட்சியில் பதவி வகித்தவர் என்ற பழைய கணக்கைப் பார்க்காமல், காரியத்துக்குத் தக்க ஆளைப் பார்த்தது டில்லி.

1949-ல் திவான் பதவியிலிருந்து விலகினார். 1955-ல் தொழில் கடன் ஸ்தாபனமான ஐ.சி.ஐ.சி.ஐ.யின் முதல் தலைவரானார். 1970-ல் பத்ம விபூஷண். 1976 ஜூலையில் காலமானார்.

மேல்கோட்டையில் சேவித்துவிட்டு மைசூருக்குப் போகிறவர்கள் ராமசாமி சர்க்கிளைக் கடக்காமல் இருப்பது அபூர்வம். திவானின் பெயர் என்று நினைத்தால் தவறு. 1947 போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான மாணவர் ராமசாமியின் பெயர் அது.

ஒரு ராமசாமியை உலகம் நாற்காலி போட்டு அமர்த்தியது. இன்னொரு ராமசாமியை ஊர் நாற்சந்தியில் நிறுத்தி நினைவு வைத்திருக்கிறது. பிழைக்க வந்த ஊரில் பெரிய பதவி கிடைப்பது திறமையால். அந்த ஊர் மனத்தில் இடம் கிடைப்பது, அந்த ஊரார் கேட்பதைக் காது கொடுத்துக் கேட்பதால்.