ஆபரேஷனுக்கு முன் தோலில் தடவும் மருந்து எது நல்லது?



குடும்ப நல ஆபரேஷன் ஆகட்டும், சிசேரியன் ஆகட்டும், கத்தி படுவதற்கு முன் தோலில் ஒரு மருந்தைத் தடவுவார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் அது பழுப்பு நிறமாக இருக்கும். இன்னோர் இடத்தில் ஸ்பிரிட் வாடை அடிக்கும். "அவளுக்கு நல்ல மருந்து போட்டாங்க, எனக்கு ஏதோ சாயத்தைப் பூசி விட்டுட்டாங்க" என்று சிலர் குறைப்படுவதும் உண்டு. உண்மையில் எது நல்லது?

ஏன் தடவ வேண்டும்?

எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கவே செய்யும். வெளியில் இருக்கும்வரை அவற்றால் பெரிய தொல்லை இல்லை. தோல் ஒரு வேலி போல அவற்றைத் தடுத்து நிற்கிறது. ஆபரேஷன் செய்யும்போது அந்த வேலியில் வழி உண்டாகிறது. கிருமி உள்ளே நுழைந்தால் புண் சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தாய் மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுத்தால் வீடு என்ன பாடுபடும்!

1867-ஆம் ஆண்டில் ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர், கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று புண் சீழ் பிடிப்பதைத் தடுக்கலாம் என்று எழுதினார். அதற்குப் பிறகு மருந்துகள் மாறிவிட்டன. நோக்கம் மாறவில்லை.

மருந்துகளின் குணம்

1. போவிடோன் அயோடின்: இதுதான் பழுப்பு மருந்து. பல வகைக் கிருமிகளைக் கொல்லும். தண்ணீரில் கலந்த வகையில் எரிச்சல் குறைவு. அதனால் பிறப்புறுப்பு போன்ற மென்மையான இடத்திலும், ஆண்களின் கருத்தடை சிகிச்சையில் விதைப்பைத் தோலிலும் தடவலாம். குறை என்னவென்றால், காய்வதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ரத்தம் பட்டால் வேகம் குறையும்.

2. ஸ்பிரிட்டில் கலந்த குளோர்ஹெக்சிடின்: ஸ்பிரிட் கிருமியைச் சட்டென்று கொல்லும். குளோர்ஹெக்சிடின் தோலில் தங்கிப் பல மணி நேரம் காவல் காக்கும். ஆனால் கண்ணிலும் காதின் உள்ளேயும் படக்கூடாது. ஸ்பிரிட் கலந்திருப்பதால் பிறப்புறுப்பின் உள்பக்கத்துக்கு ஆகாது. ஈரமாக இருக்கும்போது தீப்பற்றும். ஆகவே நன்றாகக் காய்ந்த பிறகே ஆபரேஷனைத் தொடங்க வேண்டும்.

3. வெறும் ஸ்பிரிட்: ஊசி போடுமுன் துடைக்க இது போதும். சீக்கிரம் ஆவியாகிவிடுவதால், ஆபரேஷன் முடியும்வரை காவல் நிற்காது.

எது சிறந்தது?

2016-இல் அமெரிக்காவில் சிசேரியன் செய்துகொண்ட 1,147 தாய்மார்களின் கணக்கு வெளிவந்தது. ஸ்பிரிட் கலந்த அயோடின் தடவியவர்களில் 100-க்கு 7 பேருக்கும், ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின் தடவியவர்களில் 100-க்கு 4 பேருக்கும் புண்ணில் கிருமி சேர்ந்தது. அதே 2016-இல் உலக சுகாதார நிறுவனமும் ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினையே சிபாரிசு செய்தது.

ஆனால் 2021-இல் இந்தியா உட்பட 7 நாடுகளில் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 5,788 பேரைப் பார்த்தபோது, தண்ணீரில் கலந்த பழுப்பு மருந்தைவிட அது மேலானது என்று நிரூபணம் ஆகவில்லை. ஆகவே பழுப்பு மருந்து தடவினால் மட்டமான வைத்தியம் என்று நினைக்காதீர்கள். ஆபரேஷன் செய்யும் இடத்தைப் பார்த்து டாக்டர் மருந்தைத் தேர்ந்தெடுப்பார். எந்த மருந்தானாலும் சரியாகத் தடவி, காய விட்டால்தான் பலன்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஆபரேஷனுக்கு முன் சோப்புப் போட்டுக் குளித்து, துவைத்த துணி உடுத்தி வாருங்கள்.

• வீட்டில் பிளேடால் சவரம் செய்யாதீர்கள். "சுத்தமா இருக்கட்டுமேன்னு செஞ்சோம்" என்பார்கள். பிளேடு உண்டாக்கும் நுண்ணிய கீறல்களில்தான் கிருமி பெருகும். முடியை நீக்க வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் கத்தரித்து விடுவார்கள்.

• குளித்த பிறகு வயிற்றில் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் பூச வேண்டாம்.

• முன்பு ஏதாவது மருந்து தடவி அரிப்போ தடிப்போ வந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

• மருந்து தடவிய இடத்தைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். "சில்லுனு இருக்கு, எரியுது" என்றால் வாயால் சொல்லுங்கள், கையைக் கொண்டுபோகாதீர்கள்.

வீடு திரும்பிய பின்

கணவன்மார்களே, இது உங்கள் பொறுப்பும்தான். புண்ணின் மேல் சாம்பல், சாணம், மஞ்சள், பச்சிலை எதையும் வைக்க விடாதீர்கள். டாக்டர் சொல்லும்வரை கட்டு நனையக்கூடாது. ஒரு மாதம் வரை கவனமாக இருங்கள். புண் சிவந்து வீங்கினாலோ, சீழோ கெட்ட வாடையோ வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர்ச் சுகாதார செவிலியரைக் கேளுங்கள். ஆபரேஷன் நாள் குறிக்கும் முன்பே கணவனும் மனைவியும் சேர்ந்து போய்க் கேட்பது மிகவும் நல்லது.