மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க!

எங்க ஊர் அதியமான்கோட்டைன்னு சொன்னா ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு, தேய்பிறை அஷ்டமிக்குக் கூட்டம் அள்ளும் காலபைரவர் கோயில். இன்னொண்ணு, மண்டப விதானத்தில் ராமாயண, மகாபாரத ஓவியங்கள் இருக்கும் சென்றாயப் பெருமாள் கோயில். மூணாவதா எங்க வீட்டுப் பரணையும் சேர்த்துக்கலாம். அங்கே தூங்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் கிட்டத்தட்ட புராதனச் சின்னம் அந்தஸ்துதான்!

போன மாசம் அக்காவுக்கு வளைகாப்பு முடிஞ்சது. நானும் அக்காவும் படுத்து வளர்ந்த மரத்தொட்டிலை இறக்கித் துடைச்சோம். வெறும் மரமா இருந்துச்சு. ‘பளிச்னு மஞ்சள் அடிச்சா எப்படி இருக்கும்!’னு எனக்கு ஒரு ஐடியா. பரண்ல ஏறினா, 2014-ல் அக்கா சடங்குக்கு வீடு அடிச்சப்போ மிஞ்சின மஞ்சள் எனாமல் அரை டின் இருக்கு. செலவே இல்லை. இன்ஜினீயரிங் மூளைன்னா சும்மாவா?

ஸ்க்ரூடிரைவரை மூடிக்கு அடியில் விட்டு, ஒரே இடத்தில் ஒரே நெம்பு. மூடி முறுக்கின அப்பளம் மாதிரி வளைஞ்சதுதான் மிச்சம், திறக்கலை. அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு பெயின்டர் அண்ணன் உள்ளே வந்தார். டின்னை வாங்கித் திருப்பிப் பார்த்தவர் முதலில் கேட்டது மூடியைப் பத்தி இல்லை.

“எதுக்கு அடிக்கப் போற கண்ணு?”

“தொட்டிலுக்குண்ணா.”

“இதையா? குழந்தை பல்லு முளைக்கறப்ப தொட்டில் கம்பியத்தான் முதல்ல கடிக்கும். வெச்சிடு கீழே.”

மேட்டர் ஈயம். மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச் கலர்களுக்கும், எனாமல் சீக்கிரம் காயறதுக்கும் ஈயக் கலவைகளைச் சேர்ப்பது பல வருஷப் பழக்கம். சின்னக் குழந்தைகளோட மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். ‘இவ்வளவு வரைக்கும் ஓகே’ன்னு ஒரு பாதுகாப்பான அளவே இதுக்குக் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-முக்கு மேல் இருக்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலாக்கியது. பிபிஎம்னா பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எங்க டின்னோ 2014 மாடல்! உள்ளே ஈயம் இருக்கா இல்லையான்னு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால தயாரித்த தேதி 2017 நவம்பருக்கு முன்னாடின்னா, தொட்டில், பொம்மை, ஜன்னல் கம்பி பக்கமே கொண்டு போகாதீங்க.

சரி, புது டின்னை எப்படிப் பத்திரமா வெச்சுக்கறது? அண்ணன் எடுத்த கிளாஸ் இதோ.

திறக்கிறப்போ: முதலில் மூடி மேல் இருக்கும் தூசியைத் துடைங்க. தட்டையான நுனி உள்ள கருவியால் ரெண்டு அங்குலத்துக்கு ஒரு இடமா, கொஞ்சம் கொஞ்சமா நெம்பிக்கிட்டே டின்னைச் சுத்தணும். ரெண்டு சுத்துல மூடி தானா எழும்பும். என்னை மாதிரி ஒரே இடத்தில் பலம் காட்டினா மூடி வளையும். வளைஞ்ச மூடி மறுபடி இறுக்கமா உட்காராது.

மூடுறப்போ: விளிம்புப் பள்ளத்தில் தேங்கின பெயின்ட்டைத் துணியால் துடைச்சிடுங்க. அது காய்ஞ்சா மூடி ஒட்டிக்கும், இல்லேன்னா இடைவெளி விடும். ஒரு பாலிதீன் தாளை விரிச்சு, மேலே மூடி, மூடி மேல் ஒரு மரப்பலகை வெச்சுத் தட்டுங்க. சுத்தியலால் நேரா அடிச்சா மூடி நசுங்கிடும்.

வைக்கிறப்போ: எனாமல் காத்துல இருக்கும் ஆக்ஸிஜனோட சேர்ந்துதான் இறுகும். பாதி டின்னுக்குக் காத்துன்னா, மேலே ஆடை கட்டும். மிச்சம் கொஞ்சம்தான்னா சின்ன டின்னுக்கு மாத்தி, கழுத்து வரை நிரப்புங்க. ஜூஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில் வேண்டவே வேண்டாம். குழந்தைக்கு அது பெயின்ட்டுன்னு தெரியுமா? ஆடை கட்டியிருந்தா கலக்கி விடாம, முழுசா எடுத்துட்டு துணியில் வடிகட்டுங்க. எமல்ஷன்ல தண்ணி ஊத்திக் கலக்கின மிச்சத்தைத் திரும்ப டப்பாவில் கொட்டாதீங்க, கெட்டுப்போகும். அழுகின வாடை அடிச்சா அதோட கதை முடிஞ்சது. எனாமலும் தின்னரும் தீப்பிடிக்கிற சமாச்சாரம். அடுப்பங்கரைப் பரண் அதுக்கான இடம் இல்லை.

எழுதுறப்போ: இதுதான் நாம எல்லாரும் கோட்டை விடுற பாயின்ட். வாங்கின தேதி, கலர் நம்பர், எந்த ரூமுக்கு அடிச்சது... மூணையும் டின் மேல் மார்க்கர்ல எழுதிடுங்க. கடையில் மெஷின்ல கலக்கித் தர்ற கலருக்கு அந்த நம்பர்தான் ஜாதகம்.

அப்போ அந்தப் பழைய மஞ்சள்? சாக்கடையில் ஊத்தலாம்னு நெனச்சேன். அதுக்கும் ஒரு திட்டு விழுந்தது. ஊத்தினா அது கிணத்துக்கோ ஏரிக்கோதானே போய்ச் சேரும்? 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் பெயின்ட் டப்பாவை வீட்டு அபாயக் கழிவுப் பட்டியலில்தான் வெச்சது. அதனால மூடியை டேப் போட்டு ஒட்டி, ‘பழசு, ஈயம் இருக்கலாம்’னு எழுதி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வெச்சிருக்கோம். குப்பையோட கலக்காம தனியா ஒப்படைக்கணும்.

தொட்டில்? வெறும் மரமாவே இருக்கு. அம்மா புடவையால் துடைச்சுத் துடைச்சு அதுக்கு வந்திருக்கும் பளபளப்புக்கு முன்னாடி எந்த எனாமலும் நிக்காது. இருபது வருஷத்துக்கு முன்னாடி நான் கடிச்ச பல் தடம்கூட அப்படியே இருக்கு பாஸ்!

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு டின் தூங்கிட்டு இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை ஏறிப் பாருங்க. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். முதலில் தேதியை மட்டும் படிங்க.