காற்று வரும் வழி – 7: மூக்கு எரியும் பனி

தை மாதம், காலை ஐந்தே முக்கால். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் சென்ட்ரல் போகும் மின்சார ரயிலுக்காக நிற்கிறேன். பிளாட்பார விளக்கைச் சுற்றி மஞ்சள் வட்டம். வேப்பம்பட்டுப் பக்கம் தண்டவாளம் கொஞ்ச தூரம் போய்க் காணாமல் போகிறது. "பனி பலமா இருக்கே" என்றேன். பூ தொடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை. "பனின்னா மூக்கு எரியுமா சார்?"

சிமென்ட் பெஞ்சை விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஈரம்தான். விரலில் கறுப்பும் ஒட்டியது.

இந்தப் பக்கம் புகையைப் பற்றிப் பேச்செடுத்தால் கை தானாக வடகிழக்கைக் காட்டும்: "எல்லாம் சிப்காட்." கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலைகள் இருப்பதும், வாடை வீசும் நாட்களில் அந்தப் புகை தெற்கே இறங்குவதும் உண்மைதான். ஆனால் அது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தை, மாசி விடியலில் இங்கே காற்று அசைவதே அபூர்வம். அசைந்தாலும், குளிர்ந்த நிலத்திலிருந்து கடலைப் பார்த்து, மேற்கிலிருந்து கிழக்கே நகரும். கும்மிடிப்பூண்டிப் புகை அந்நேரத்தில் வர வேண்டுமானால் எதிர்க்காற்றில் நடந்துதான் வர வேண்டும். ஆறு மணிப் புகை பெரும்பாலும் நம் வீட்டுப் புகை.

மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்க, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று படுத்துக்கொள்கிறது. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. மத்தியானம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரும் இந்த மூடி, விடியலில் சில நூறு மீட்டருக்குள் இறங்கிவிடும். இரவில் கொளுத்திய குப்பை, திருவள்ளூர் நெடுஞ்சாலையின் லாரிப் புகை, வெந்நீர் அடுப்பு எல்லாம் அந்தச் சட்டிக்குள்தான். போகியன்று கேட்கவே வேண்டாம்; 2018 போகிப் புகையில் சென்னை விமானங்களே தடுமாறின.

இதில் பெரிய வில்லங்கம் சூளை. பூண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கமெல்லாம் செங்கல் சூளைகள். பச்சைக் கல் வெயிலில் காய வேண்டும் என்பதால் மழை ஓய்ந்த பிறகுதான் வேலை மும்முரமாகும். ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கல் அறுப்பார்கள். கல் காய்வதற்குத் தோதான அதே தெளிந்த வானம்தான் இரவில் மூடியையும் இறக்குகிறது. சூளைக்காரர் நாள் பார்த்துக் கொளுத்துவதில்லை, ஆனால் பருவம் அப்படி அமைந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சூளைகளை ஜிக்ஜாக் முறைக்கு மாறச் சொன்னது. கல்லை வளைத்து வளைத்து அடுக்கினால் அனல் சுற்றிப் போகும், கரி மிச்சமாகும், புகையும் குறையும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கிக் கருவி கும்மிடிப்பூண்டி அந்தோணிப் பிள்ளை நகரில் இருக்கிறது. அதன் கணக்கை வைத்து செவ்வாப்பேட்டைக்கு ஜோசியம் சொல்ல முடியாது. அதோடு, நுண்துகளுக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. எதுவானாலும் சராசரி சராசரிதான். மத்தியானக் கடற்காற்று சுத்தம் செய்த நேரத்தையும் சேர்த்துக் கூட்டி வகுத்தால் விடியற்காலை கரைந்துவிடும். முதல் ரயிலுக்கு நிற்பவர் சராசரியைச் சுவாசிப்பதில்லை.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் மூடி திறந்துகொள்ளும். அதற்குள் பூக்கார அம்மாவின் கூடை பாதி காலி.

ஜூனில் சூளைகள் அணையும். சாயங்கால இடிமழை இரண்டு பெய்த மறுநாள் திருவள்ளூரைத் தாண்டி நின்று வடமேற்கே பாருங்கள். நகரி மலை விளிம்பு கோடு கிழித்த மாதிரி தெரியும். தையில் அந்தத் திசையில் மலை இருப்பதாகச் சொன்னால் வெளியூர்க்காரர் நம்ப மாட்டார்.