நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தால் 'உடம்பு சூடு' தானா? புதுச்சேரியில் நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

"ரெண்டு நாளா சரியா சாப்பிடல. படுத்தே கிடக்குது. காலையில மூக்குல லேசா ரத்தம் வந்துச்சு. வெயில் சூடா இருக்குமோ?" நாய் வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. மோர் கொடுப்போம், இளநீர் கொடுப்போம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

ஆனால் சோர்வு, காய்ச்சல், மூக்கில் ரத்தம் மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டை அல்ல, உண்ணியை. காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று நாள் நாயின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

உண்ணிக் காய்ச்சல் என்றால் என்ன?

நாயின் காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் பழுப்பு நிற உண்ணிகள், கூடவே நோய்க் கிருமிகளையும் நாயின் உடலுக்குள் செலுத்துகின்றன. அவற்றில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று, எர்லிக்கியா. 1935-ல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நாய்களிடம் முதன்முதலில் கண்டறிந்த பாக்டீரியா இது. ரத்த வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து வாழும். தட்டணுக்கள் குறையும். அதனால்தான் மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் எல்லாம் வருகின்றன. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கணக்கில் பலியானது இந்த நோயால்தான். ஜெர்மன் ஷெப்பர்டு இன நாய்களுக்கு இதன் பாதிப்பு கடுமையாக இருக்கும்.

இன்னொன்று, பபேசியா. இது சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளுத்துப் போகும், சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகும்.

உண்ணி கடித்த உடனே அறிகுறி தெரியாது. எர்லிக்கியாவுக்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். சில நாய்கள் வெளியே நன்றாக இருப்பது போலவே மாதக்கணக்கில் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். பிறகு எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்பட்ட நிலையில் படுத்துவிடும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது கஷ்டம்.

சிகிச்சை இருக்கிறதா?

இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துவிடும். ரத்தப் பரிசோதனை செய்து, எந்தக் கிருமி என்று பார்த்து மருத்துவர் மருந்து கொடுப்பார். எர்லிக்கியாவுக்கும் பபேசியாவுக்கும் மருந்து வேறு வேறு. எர்லிக்கியாவுக்கு வழக்கமாக நான்கு வாரம் மாத்திரை தொடர வேண்டியிருக்கும். "ஒரு வாரத்துலயே நல்லா ஆயிடுச்சே" என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்ப வர வாய்ப்பு உண்டு.

புதுச்சேரியில் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் கால்நடை மருத்துவக் கல்லூரியாகவும் மருத்துவமனையாகவும் இயங்குகிறது. நகரில் தனியார் கிளினிக்குகளும் உண்டு.

குளிப்பாட்டியும் உண்ணி திரும்ப வருவது ஏன்?

நாயின் மேல் நாம் பார்ப்பது உண்ணிக் கூட்டத்தில் கொஞ்சம்தான். மீதி வீட்டுச் சுவர் விரிசல், கதவு இடுக்கு, நாய் படுக்கும் சாக்கு, மாடிப்படி மூலையில் இருக்கும். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. படுக்கையை வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும், விரிசல்களை அடைக்க வேண்டும். சூடும் ஈரப்பதமும் சேர்ந்த கடலோர ஊரில் ஆண்டு முழுக்க உண்ணி இருக்கும் என்பதால், தடுப்பு மருந்தையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் விடாமல் தொடர வேண்டும்.

உண்ணியை எடுக்கும்போது சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் தடவுவது ஆபத்து: தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் உள்ளேயும் விஷம் போகும். வீட்டில் பூனையும் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. நாய்க்கான சில உண்ணி மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

மழைக்காலத்தில் என்ன ஆபத்து?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. பல தெருக்களில் தண்ணீர் நின்றது. இப்படித் தேங்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்தால் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல் பரவும். நாய்க்கு வாந்தி, காய்ச்சல், கண்ணும் ஈறும் மஞ்சளாவது இதன் அறிகுறிகள். சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும். பாதித்த நாயின் சிறுநீர் மூலம் மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால், சுத்தம் செய்யும்போது கையுறை அவசியம். நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கான பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

குட்டி வாங்கியிருக்கிறீர்களா?

குட்டிகளுக்கு முதல் எதிரி பார்வோ வைரஸ். வாந்தி, நாற்றமடிக்கும் ரத்த பேதி, சாப்பாடே வேண்டாம் என்ற நிலை. தடுப்பூசி போடாத குட்டி இதில் ஓரிரு நாளிலேயே இறந்துவிடலாம். இந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். நம் செருப்பிலேயே வீட்டுக்குள் வந்துவிடும். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, பிறகு சில வார இடைவெளியில் 16 வாரம் வரை அடுத்தடுத்த ஊசிகள் என்பது பொதுவான நடைமுறை. "ஒரு ஊசி போட்டாச்சு" என்று அதோடு விட்டுவிடுவதில்தான் பல குட்டிகள் பறிபோகின்றன.

திடீரென்று கடிக்க வருகிறது. பழக்கினால் சரியாகுமா?

இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று உறுமினால், கடிக்க வந்தால், பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். காது வலி, மூட்டு வலி, பல் வலி இருக்கும் நாய் தொட்டாலே சீறும். வலி போனால் கோபமும் போய்விடும்.

நோய் எதுவும் இல்லை என்றால், காரணம் பெரும்பாலும் பயம் அல்லது சலிப்பு. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டி வைத்த நாய் ஓயாமல் குரைப்பதில் ஆச்சரியம் இல்லை. காலையும் மாலையும் நடை, கொஞ்ச நேர விளையாட்டு இருந்தாலே பாதிப் பிரச்சினை குறையும். அடித்துப் பழக்கினால் நாய் பயப்படக் கற்றுக்கொள்ளும். உறுமி எச்சரிப்பதை நிறுத்திவிட்டு நேராகக் கடிக்கவும் செய்யலாம். சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே சின்னத் தீனி கொடுத்துப் பாராட்டுவது நல்ல பலன் தரும். வீட்டுக்குள் சிறுநீர் போனால் மூக்கை அதில் தேய்ப்பது வீண் வேலை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே அழைத்துப் போய்ப் பழக்கினால் போதும்.

குட்டியாக இருக்கும்போது, மூன்று முதல் சுமார் 14 வாரத்துக்குள், மனிதர்கள், வண்டிச் சத்தம், பிற விலங்குகள் எல்லாம் பழகிவிட வேண்டும். தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாமல், தூக்கிக்கொண்டு போயாவது காட்டலாம்.

ரேபிஸ் விஷயத்தில் பேரம் இல்லை

குணம் மாறுவதோடு எச்சில் வழிவது, விழுங்க முடியாமல் தவிப்பது, குரல் மாறுவது தெரிந்தால் நாயைத் தொடாமல் தனிமைப்படுத்தி மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். அறிகுறி வந்த பிறகு ரேபிஸுக்குச் சிகிச்சை இல்லை. நாய்க்கும் இல்லை, மனிதருக்கும் கிட்டத்தட்ட இல்லை. நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும்போது பூஸ்டர்.

கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. தோலில் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28-ம் நாள் என நான்கு தவணை. "நம்ம வீட்டு நாய்தானே" என்று விட்டுவிடக் கூடாது.

எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும்?

ஒரு வேளை சாப்பிடவில்லை, ஆனால் வால் ஆட்டுகிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் வளர்ந்த நாயை ஒரு நாள் கவனிக்கலாம். குட்டி என்றால் அந்த அவகாசமும் இல்லை. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்:

• ஈறு வெளுப்பு அல்லது மஞ்சள் நிறம்
• மூக்கு, மலம், சிறுநீரில் ரத்தம்
• திரும்பத் திரும்ப வாந்தி
• வலிப்பு, நிற்க முடியாமை
• வெயிலில் வேகமாக இரைத்துத் தள்ளாடுவது. நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறிக்கொண்டே அழைத்துப் போக வேண்டும்

நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். கையை வைத்துப் பார்த்து "காய்ச்சல்" என்று முடிவு செய்து மனிதர்களுக்கான மாத்திரை கொடுக்காதீர்கள். இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும்.

மருத்துவரிடம் போகும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது உண்ணி பார்த்தீர்கள், வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் வாந்தி, மலத்தை மொபைலில் படம் எடுத்துக் காட்டுங்கள். மருத்துவர் முடிவெடுக்க அது பெரிய உதவி.