மேற்பார்வை மட்டும் போதாது, வழித்துணையும் வேண்டும்

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்திலுள்ள இப்பிரதேசத்தினதும் அதனையொத்த தோட்டப்புறங்களினதும் பாடசாலைகளுக்கு ஆசிரிய ஆலோசகர் ஒருவர் அடிக்கடி வந்து செல்வது எளிதன்று. எனவே, இங்கு பணியாற்றும் ஆசிரியருக்கு மிக அருகிலுள்ள துணை, அடுத்த வகுப்பறையில் கற்பிக்கும் சக ஆசிரியரே.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலாகும். அதன்பின் சுவீடனின் சீடா நிறுவனத்தின் உதவி கிடைத்தது. ஜேர்மனிய உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் உருவானது. எனினும் ஆசிரியர் பற்றாக்குறை முற்றாக நீங்கவில்லை. 2015ஆம் ஆண்டளவில் நியமனம் பெற்ற ஆசிரிய உதவியாளர்களுள் பலர், மாதாந்தம் 6,000 ரூபா கொடுப்பனவுடன், பயிற்சி பெறுமுன்பே வகுப்பறைக்குள் நுழைந்தனர். இத்தகையோருக்கு அன்றாடம் கைகொடுப்பவர் யார் என்பதே கேள்வி.

நமது பாடசாலைகளில் உள்ளக மேற்பார்வையும் உண்டு. வெளிவாரி மேற்பார்வையும் உண்டு. இவை குறையைக் கண்டறிந்து பதிவு செய்கின்றன. குறையைக் களையும் வழியை ஆசிரியரே கண்டுகொள்ள உடனிருந்து உதவுவது வேறொரு பணி. அதனையே நாம் வழித்துணை என்கிறோம்.

இதன் நடைமுறை எளிதானது. பாடத்துக்கு முன்னர் இரு ஆசிரியர்களும் ஒரேயொரு விடயத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். உதாரணமாக, பின்னங்களைக் கற்பிக்கையில் பின்வரிசை மாணவர் பங்கேற்கின்றனரா என்பதை எடுத்துக்கொள்ளலாம். பார்வையிடுபவர் தீர்ப்பு எழுதாது, எத்தனை மாணவர் விடையளித்தனர், எங்கே தடுமாறினர் எனக் கண்டதை மட்டும் குறித்துக்கொள்வார். பாடம் முடிந்தபின் அவர் முதலில் கேட்க வேண்டியது, "உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்பதே. அடுத்த வாரம் செய்யவேண்டிய சிறு மாற்றமொன்றை இருவரும் தீர்மானித்து, அதன் பலனை மீண்டும் பார்க்க வேண்டும். தொடர் முன்னேற்றம் என்பது இச்சிறு மாற்றங்களின் தொகுப்பேயாகும். யப்பானிய ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பாடமொன்றைத் திட்டமிட்டு, பார்வையிட்டு, திருத்தும் பாட ஆய்வு முறையை நூறாண்டுக்கும் மேலாகக் கடைப்பிடித்து வருகின்றனர்.

இம்முயற்சிக்கு இரு நிபந்தனைகள் உண்டு. முதலாவது நம்பிக்கை. வழித்துணையின்போது எடுக்கப்படும் குறிப்பு சம்பள ஏற்ற மதிப்பீட்டுக்கோ தனிப்பட்ட கோவைக்கோ செல்லுமாயின், எந்த ஆசிரியரும் தமது தடுமாற்றத்தை வெளிப்படுத்தமாட்டார். இரண்டாவது நேரம். வாரத்துக்கு ஒரு பாடவேளையையேனும் அதிபர் நேரசூசியில் இதற்கென ஒதுக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியரே உள்ள சிறிய பாடசாலைகள், அயற்பாடசாலைகளுடன் இணைந்து மாதமொரு முறையேனும் கூடலாம்.

புதிய கட்டடத்துக்கு நிதி வரும்வரை காத்திருக்கலாம். ஆனால் இவ்வாண்டு மூன்றாம் தரத்தில் வாசிக்கக் கற்காத பிள்ளைக்கு அந்த ஆண்டு மீண்டும் வாராது. ஆற்றல் மிகுந்த ஓர் ஆசிரியரின் அனுபவம் அவரது இடமாற்றத்துடன் பாடசாலையை விட்டுச் செல்லாதிருக்க வேண்டுமாயின், அது சக ஆசிரியரிடம் இன்றே கைமாற வேண்டும். மலையகத்தின் தமிழ், முஸ்லிம் பாடசாலை அதிபர்கள் வரும் தவணையிலேயே இதனைத் தொடங்க முன்வர வேண்டும்.