மாரியும் துவிச்சக்கரவண்டியும்

ஐப்பசி பிறந்ததும் யாழ்ப்பாணத்து வானம் தன் குணத்தை மாற்றிக்கொள்கின்றது. குடாநாட்டின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான காலத்திலேயே பெய்துவிடும். துவிச்சக்கரவண்டிக்கும் அதனை உடையவருக்கும் உள்ள நட்பு சோதிக்கப்படுவதும் அக்காலத்திலேதான். மேடுபள்ளமற்ற இந்நிலத்தில் கோடையில் வண்டி தானே ஓடுவதுபோல ஓடும். மாரியிலோ ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். இருமருங்கும் கடல்நீர் விரிந்த பண்ணைத் தாம்போதியில் வாடைக்காற்று வண்டியைத் தள்ளும். “இன்று போகத்தான் வேண்டுமா?” என்று மனம் வாசற்படியிலேயே வழக்காடத் தொடங்கும்.

உற்றுநோக்கின், நனைவதிலும் பார்க்க, நனையப்போகிறோம் என்னும் எண்ணமே நம்மைக் கூடுதலாக வாட்டுகின்றது. சிறிது தூரம் மிதித்ததும் உடல் சூடேறும், தயக்கமும் அகலும். ஆகவே வாசற்படியைத் தாண்டுவதே அரிய செயல். அதற்கான ஆயத்தம் முதல்நாள் மாலையிலேயே நடைபெறவேண்டும். மழையங்கி கைக்கெட்டும் இடத்திலும், புத்தகங்களும் மாற்றுடையும் பொலித்தீன் பையினுள்ளும் இருக்கட்டும். மழைநீர் சங்கிலியின் எண்ணெயைக் கழுவிவிடுமாதலால், நனைந்து வந்த வண்டியைத் துடைத்து எண்ணெயிடுதல் வேண்டும். சில்லின் விளிம்பு ஈரமாயின் பிரேக் கட்டை உடனே பற்றாது. எனவே மெல்லச் செல்லுதலும், நிறுத்துமிடத்துக்கு முன்னரே பிரேக் பிடித்தலும் நலம். வெள்ளம் மூடிய குழி கண்ணுக்குத் தெரியாது. ஒரு கையிற் குடை பிடித்து ஓட்டுவது, வண்டியின் கடிவாளத்தைக் காற்றின் கையிற் கொடுப்பதாகும்.

ஆயத்தம் வழியை எளிதாக்கும். ஊக்கத்தைத் தருவது எது? 1990களிற் போரும் பொருளாதாரத் தடையும் எரிபொருளை அரும்பொருளாக்கியபோது, குடாநாட்டு வாழ்வு பெரும்பாலும் துவிச்சக்கரவண்டியிலேயே தங்கியிருந்தது. ஆசிரியரும் மாணவரும் மழையிலும் மிதித்தனர். 2022இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பட்டபோது, சுவரிற் சார்த்திக் கிடந்த பழைய வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. அந்நாட்களில் மிதிப்பதற்கு மனம் வருமா என்று எவரும் தம்மைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வேறு வழி உண்டானபின்னரே ஊக்கம் ஒரு கேள்வியாயிற்று.

அன்று தேவை செய்ததை இன்று செய்யக்கூடியது, நமக்காக ஒருவர் காத்திருக்கின்றார் என்னும் நினைவு. மழைநாளில் வகுப்பிற் பாதி வாங்குகள் வெறுமையாகவே கிடக்கும். ஆயினும் வந்த பிள்ளைகள் நனைந்தல்லவா வந்திருக்கின்றார்கள்? அவர்களுக்குமுன் நனைந்த ஆசிரியர் ஒருவர் வந்து நிற்பாராயின், அன்றைய பாடம் எதுவாயினும் அவர்கள் அதனை மறவார்.